பெயர், நட்சத்திரம்

முத்தையன்கட்டு முருகன் கோயிலில்
பதினொரு வருசம்
அர்ச்சனைத் துண்டு எழுதினேன்.
முதலில் பத்து ரூபாய், பிறகு இருபது.
கேட்க வேண்டியது இரண்டே கேள்வி:
என்ன பேர், என்ன நட்சத்திரம்.

புவனமலர் அக்கா வெள்ளி தவறமாட்டா.
கிருபாகரன், அனுஷம்.
நான் பேனை எடுக்கமுன்னமே சொல்லிப்போடுவா.
இயக்கத்தில் அவனுக்கு வேறு பேர் என்று
ஊருக்குத் தெரியும், அவவுக்குத் தெரியாது.
ஐயர் கிருபாகரனுக்காக
நம, நம என்று செவ்வரத்தம்பூ இறைத்த ஒரு காலையில்
தணலவன் செத்தான்.
சந்தி மதிலில் அந்தப் பேர்தான் பெரிதாக.
கீழே, பொடி எழுத்தில், மற்றது.
முருகனுக்குப் பிழையான விலாசம் எழுதினவன் நானோ என்று
அன்று முழுக்கக் கை நடுங்கியது.

ஆனி மாதத்து இரவொன்று.
நடை சாத்தின பிறகு நாலு பெடியள்.
ஒருத்தனின் மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
சாமிக்குப் பக்கத்தில் ஒருக்கா வைக்க வேணும் என்று
சாக்கிலிருந்து எடுத்தார்கள்.
விபூதி மணத்துக்குள் துவக்கெண்ணெய் மணம்.
பொறுப்பாளர் உள்ளே வரவில்லை,
கடவுள் இல்லை என்று வகுப்பெடுக்கிறவர்.
ஆனாலும் வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.
ஐயர் துவக்கைப் பார்த்தார், வேலைப் பார்த்தார், பேசாமல் நின்றார்.
"இவர் மட்டும் என்ன,
பாக்கு வெட்டவோ அதை வைச்சிருக்கிறார்"
என்றது என் வாய்தான்.
என் வாய்தான்.
அதன் பிறகு அவர் இரும்புக்குச் சந்தனம் வைத்தார்.
நான் தட்டுப் பிடித்தேன்.
"ஆற்ற பேருக்கு?" என்று பழக்கத்தில் கேட்டார்.
மீசை முடிவெடுக்காதவன் சிரித்தான்:
"அங்கால நிக்கிறவையின்ர பேர் தெரியாதே ஐயா."

அதற்குத் துண்டு எழுதவில்லை.
காசும் வாங்கவில்லை.
ஆகவே கணக்கில் இல்லை.

மாத்தளன் மணலில்
எங்கள் குழிக்குள் தேவாரம்,
பக்கத்துக் குழிக்குள் செபமாலை.
ஷெல் அங்கே விழுந்தது.
"முருகன் காப்பாத்திப்போட்டார்" என்று
என் மனுசி வாய்விட்டுக் கும்பிட்டாள்.
மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.
அங்கே ஒரு பிள்ளை இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரையில்லை.
பெட்டகத்துக்குள் துண்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள்;
கறையான் இடப்பக்கமாகத் தின்றிருந்தது.
பேர்கள் போய்
அனுஷம், பூரட்டாதி, கேட்டை, கேட்டை, ரோகிணி.
ஆருடையது என்று தெரியாத வானம்.

தகரம் போட்டு விளக்கேற்றின இரண்டாம் வருசம்
காவலரணில் நிற்கிற ஆமிக்காரன் ஒருவன்
பழத்தட்டோடு வந்தான்.
கதிர்காமத்துக்கு நேர்த்தியாம், லீவு தரவில்லையாம்,
இவரும் அவர்தானே என்று
பாதித் தமிழில், பாதிக் கையில் சொன்னான்.
மணிக்கட்டில் பிரித் நூல், வெள்ளை செத்து மண்ணிறமாக.
அதையும் ஆரோ ஓதித்தான் கட்டியிருப்பார்கள்,
புறப்படுவதற்கு முதல்நாள்.
"மகே நம ருக்மல்."
அவர்களின் பாசையில் நம என்றால் பேராம்.
இத்தனை வருசமும் பூவுக்கொரு தரம்
உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சொல்.
நீ மாத்தளனில் நின்றாயா என்று கேட்க
எனக்குச் சிங்களம் போதாது.
போதும் என்றாலும் கேட்டிருப்பேனோ தெரியாது.
நட்சத்திரம் தெரியாதென்று தலையாட்டினான்.
தெரியாதவர்களுக்குச் சாமியின் நட்சத்திரம் போடுவது வழக்கம்.
விசாகம் என்று எழுதினேன்.

அவனுக்குப் பின்னால் புவனமலர் அக்கா.
"கிருபாகரன், அனுஷம்."
செத்தவர்களுக்கு அர்ச்சனை இல்லை,
அது அவவுக்கும் தெரியும்.
எழுதினேன்.
இரண்டு துண்டும் ஒரே தட்டில் உள்ளே போனது.
ஐயர் இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார்.

ருக்மல் நூறு ரூபாய்த் தாள் தந்திருந்தான்.
மிச்சத்துக்காக நின்றான்.
பெட்டியைத் துழாவினேன்,
சில்லறை இருக்கவில்லை.